1,999 ரிங்கிட் ஜாங்ஜியாஜியே: விளம்பரத்தில் அச்சாகாத வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளியும் பள்ளி விடுமுறையும் நெருங்கும்போது நம் தமிழ் நாளிதழ்களில் சீனச் சுற்றுலா விளம்பரங்கள் கூடிவிடுகின்றன. அவற்றில் அடிக்கடி கண்ணில் படும் பெயர் ஹுனான் மாநிலத்தின் ஜாங்ஜியாஜியே. மேகத்துக்குள் நிற்கும் கல்தூண்கள் ஒரு படம், மலையின் நெற்றியைத் துளைத்தது போன்ற பெரிய வாசல் ஒரு படம், பள்ளத்தாக்கின் மேல் கண்ணாடிப் பாலம் ஒரு படம். நடுவில் பெரிய எழுத்தில் "1,999 ரிங்கிட் முதல்" என்பது போல ஒரு விலை.

குறைந்த செலவில் குழுவாகப் போவதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாண்டரின் தெரியாத, ஓய்வூதியத்தில் வாழ்கிற பெற்றோருக்கு அந்த மலைகளைப் பார்க்கக் குழுப்பயணத்தை விட்டால் வேறு நல்ல வழி இல்லை. அப்படிப்பட்டவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியாமல் கட்டிவிட்டு, அங்கே மலையடிவாரத்தில் நின்று கைப்பையைத் திறக்கிறார்கள். அது நடக்கக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஜாங்ஜியாஜியே என்பது ஒரே வாசல் வழியாக நுழைந்து பார்க்கும் இடம் அன்று. அது ஒரு நகரத்தின் பெயர். 1994 வரை அந்நகரம் டாயோங் என்று அழைக்கப்பட்டது. விளம்பரத்தில் வரும் மூன்று படங்களும் மூன்று வெவ்வேறு இடங்கள். மூன்றுக்கும் தனித்தனி டிக்கெட்.

கல்தூண்கள் இருப்பது வூலிங்யுவான் பகுதியில். 1982-இல் சீனாவின் முதல் தேசிய வனப் பூங்கா அங்கேதான் அமைக்கப்பட்டது. 1992-இல் யுனெஸ்கோ அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மணற்கல் தூண்களில் பல 200 மீட்டரைத் தாண்டுபவை. மலையில் வாசல் போலத் திறந்திருப்பது தியான்மென் மலை. அது நகரத்துக்குத் தெற்கே, 1,518 மீட்டர் உயரத்தில், முற்றிலும் வேறு திசையில் இருக்கிறது. கண்ணாடிப் பாலம் இருப்பது சீலி வட்டாரத்துப் பெரும் பள்ளத்தாக்கில். 430 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 300 மீட்டர் உயரமும் கொண்ட அந்தப் பாலம் 2016 ஆகஸ்ட் 20 அன்று திறக்கப்பட்டது. கூட்டத்தைத் தாங்க முடியாமல் இரண்டே வாரத்துக்குள் மூடப்பட்டு, பிறகு மறுபடியும் திறக்கப்பட்டது.

ஆகவே "ஜாங்ஜியாஜியே சுற்றுலா" என்று பொதுவாக எழுதினால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. மூன்றில் எது உண்டு, எது இல்லை என்று கேட்க வேண்டும். அதோடு நிற்காமல், உண்டு என்பது எந்த வகையில் உண்டு என்றும் கேட்க வேண்டும். பயண அட்டவணையில் "தியான்மென் மலை, போட்டோ ஸ்டாப்" என்று எழுதியிருந்தால் பேருந்து மலையடிவாரத்தில் கால் மணி நேரம் நிற்கும், அவ்வளவுதான். "கேபிள் கார் தவிர்த்து" என்று அடியில் இருந்தால் அந்தச் செலவு நம் தலையில்.

வூலிங்யுவானில்தான் இந்தக் குழப்பம் மிகுதி. நுழைவுச் சீட்டு இருநூறு யுவானுக்குச் சற்று மேல். தொடர்ந்து நான்கு நாளுக்குச் செல்லும். உள்ளே ஓடும் பேருந்துகளும் அதில் அடக்கம். ஆனால் அந்தச் சீட்டு மலையின் மேலே ஏற்றிவிடாது. தூண்களை நேருக்கு நேர் பார்க்கும் யுவான்ஜியாஜியே மேடைகளுக்குப் போக பாய்லோங் மின்தூக்கியில் ஏற வேண்டும். 326 மீட்டர் உயரம், பாதி மலைக்குள்ளும் பாதி வெளியேயும் ஓடுவது, இரண்டு நிமிடத்துக்குள் மேலே கொண்டுபோய் விடும். தியான்ஸி மலைப்பக்கம் ஏறவோ இறங்கவோ கேபிள் கார். இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு வழிக் கட்டணம் தோராயமாக 65 முதல் 75 யுவான். பத்து மைல் ஓவியக்கூடம் என்று அழைக்கப்படும் பள்ளத்தாக்கில் ஓடும் சிறிய ரயிலுக்கும் தனிக் கட்டணம்.

மின்தூக்கி வேண்டாம், படியேறிவிடலாம் என்று நினைக்கலாம். வழி இருக்கிறது, ஆனால் செங்குத்தான படிகளில் இரண்டு மணி நேரம் ஆகும். குழுவோடு போகிறவருக்கு அந்த இரண்டு மணி நேரத்தை யாரும் தரமாட்டார்கள். அதனால் வாசலில் கைடு பணம் கேட்கும்போது மறுக்க வழியே இராது. விருப்பத் தேர்வு என்று அச்சிட்டிருந்தாலும் அது நடைமுறையில் கட்டாயக் கட்டணம்தான்.

ஒரு யுவானை 60 சென் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மின்தூக்கி ஒரு வழி, கேபிள் கார் ஒரு வழி இரண்டும் சேர்ந்து 140 யுவான். டிப்ஸ் ஒரு நாளுக்கு 40 யுவான் என்று குறித்திருந்தால் ஏழு நாளுக்கு 280. இரவுக் கலை நிகழ்ச்சி, கண்ணாடிப் பாலம் இரண்டும் விருப்பத் தேர்வு என்று சொல்லி ஒன்றுக்கு 300 யுவான் கேட்டால் 600. மொத்தம் 1,020 யுவான், நம் பணத்தில் 612 ரிங்கிட். கணவனும் மனைவியுமாகப் போனால் 1,224. இது விமான நிலைய வரியும் எரிபொருள் கூடுதல் கட்டணமும் சேராத கணக்கு. 2,700 ரிங்கிட் என்று எல்லாம் அடங்கிய விலை போடும் நிறுவனம் விளம்பரத்தில் விலை கூடியதாகத் தெரியும். ஊர் திரும்பிக் கூட்டிப் பார்த்தால் 1,999-க்குப் போனவரின் செலவும் அதே இடத்தில்தான் வந்து நிற்கும்.

அடக்க விலைக்கும் குறைவாக எப்படி ஒரு பயணத்தை விற்க முடிகிறது என்று பலர் கேட்கிறார்கள். சீனாவில் இதற்கு "சுழிக் கட்டணக் குழு" என்றே பெயர் உண்டு. இங்குள்ள ஏஜெண்ட் அங்குள்ள நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகையைக் குறைத்துக்கொள்கிறார். சில சமயம் ஒன்றுமே தருவதில்லை. அங்குள்ள நிறுவனம் ஹோட்டல், பேருந்து, சாப்பாட்டுச் செலவைக் கடைகளில் கிடைக்கும் கமிஷனிலிருந்து எடுக்கிறது. கைடுக்குச் சம்பளம் சொற்பம், அல்லது கிடையாது. லேடெக்ஸ் தலையணை, பட்டு மெத்தை, ஜேடு கல், தேயிலை, மூங்கில் கரித் துணி, மூலிகை மருந்து என்று நாளுக்கு ஒரு கடை வருவது இதனால்தான். இலவசக் கால் மசாஜ் என்று அழைத்துச் சென்று, நாடி பிடித்துப் பார்த்து, கல்லீரலில் கோளாறு, சிறுநீரகத்தில் கோளாறு என்று சொல்லி ஆயிரக்கணக்கான யுவானுக்கு மருந்து விற்பதும் இந்த வரிசையில் சேரும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் ஏற்கனவே மாத்திரை சாப்பிடும் நம் பெரியவர்கள்தான் இதில் எளிதாக விழுகிறார்கள். என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத மருந்தை அவர்கள் தங்கள் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடுவது ஆபத்து. பிள்ளைகள் பெற்றோரை அனுப்புவதற்கு முன் இதை மட்டுமாவது சொல்லி அனுப்புங்கள்.

யாரும் எதுவும் வாங்காத நாளில் கைடின் முகம் மாறுவது உண்டு. அவர் மேல் கோபப்படுவதில் பயனில்லை. அவருடைய வருமானத்தை அப்படி அமைத்து வைத்தவர்கள் வேறு. கடையில் கட்டாயமாக இருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்தால் போதும்.

சீனச் சட்டம் இதில் பயணிகள் பக்கமே நிற்கிறது. 2013 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள சுற்றுலாச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு, நியாயமற்ற குறைந்த விலையில் ஆள் சேர்த்துக் கடைகளிலும் கூடுதல் கட்டணங்களிலும் கமிஷன் பெறுவதைத் தடை செய்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டாலோ பயணியே கேட்டாலோ கடைக்கு அழைத்துச் செல்லலாம். அதுவும் மற்றவர்களின் பயணத் திட்டத்தைப் பாதிக்கக் கூடாது. மீறி நடந்தால், பயணம் முடிந்த 30 நாளுக்குள் பொருளைத் திருப்பி எடுக்கவும் பணத்தை முன்கூட்டியே தரவும் நிறுவனத்தைக் கேட்க முடியும். ஆனால் இங்கே நாம் கையெழுத்திடும் படிவத்தில் "கடைகளுக்குச் செல்லச் சம்மதம்" என்று ஒரு வரி இருந்தால் அந்த ஒப்புதலை நாமே கொடுத்துவிட்டோம் என்றாகிவிடும். படிவத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். கடையில் வாங்கும் எதற்கும் ரசீது கேட்டு வாங்கிவிட வேண்டும்.

முன்பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். மூன்று இடங்களில் எவை அடக்கம்? மின்தூக்கியும் கேபிள் காரும் ஏறவா, இறங்கவா, இரண்டுக்குமா? கடை நிறுத்தங்கள் எத்தனை? டிப்ஸ் எவ்வளவு, யாரிடம், எப்போது? ஹோட்டல் எந்த ஊரில்? இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வூலிங்யுவான் சிற்றூரில் தங்கினால் பூங்காவின் கிழக்கு வாசல் பக்கத்திலேயே இருக்கும். ஜாங்ஜியாஜியே நகரில் தங்கினால் தினமும் பேருந்தில் முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் போகும். மின்தூக்கி வரிசையில் கூட்டத்துக்குப் பின்னால் போய் நிற்க நேரும். விடுமுறை நாளில் அந்த வரிசை மணிக்கணக்கில் நீளும்.

இன்னொரு கேள்வி: போதிய ஆள் சேராவிட்டால் என்ன? "தமிழ் பேசும் டூர் லீடர்" என்று விளம்பரத்தில் இருக்கும். அடியில் குறைந்தது 20 பேர் என்று ஒரு வரி இருக்கும். ஆள் சேராதபோது வேறு ஏஜென்சிகளின் குழுவோடு கலந்துவிடுவார்கள். பிறகு விளக்கமெல்லாம் மாண்டரினில்தான். அப்படிக் கலந்தால் பணத்தைத் திரும்பப் பெற்று விலக வழி உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வயதானவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கூடுதல் கட்டணம் என்று சில விளம்பரங்களின் அடியில் இருக்கும். அவர்கள் கடையில் வாங்கமாட்டார்கள் என்ற கணக்கில் போடப்படுவது அது. அந்த வரியைக் கண்டால் இது எந்த வகைப் பயணம் என்று புரிந்துவிடும்.

ஹுனான் மாநிலத் தலைநகர் சாங்ஷாவில் இறங்கி அங்கிருந்து போகும் குழுக்கள் அதிகம். அதிவேக ரயிலா, பேருந்தா என்று பாருங்கள். ரயிலென்றால் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பேருந்தென்றால் நான்கு ஐந்து மணி நேரம், போக அரை நாளும் வர அரை நாளும் வீண். "7 நாள்" என்று எழுதியிருப்பதில் மலையில் கழியும் நாள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் சில அட்டவணைகளில் இரண்டுதான் தேறும். அந்த இரண்டில் வூலிங்யுவானுக்கு ஒரே நாள் என்றால் நான் அந்தப் பயணத்தைப் பரிந்துரைக்கமாட்டேன். காரணம் மூடுபனி. வசந்த காலத்திலும் மழை நாட்களிலும் மேடையில் நின்றால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் வெள்ளைத் திரை தவிர ஒன்றுமே தெரியாத நாள் வரும். இரண்டு நாள் ஒதுக்கியிருந்தால் கைடு நாளை மாற்றிப் போட முடியும். பனி கலையும் வரை கீழே ஜின்பியான் ஓடைக்கரையில் நடக்க விட்டு, மதியத்துக்கு மேல் மேலே ஏற்ற முடியும். மழை நின்ற மறு மணி நேரத்தில் தூண்களின் இடுப்பில் மேகம் சுற்றி நிற்கும். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு எந்தப் படமும் தேவைப்படாது. ஒரு நாள் பயணத்தில் அது அதிர்ஷ்டத்தின் கையில்.

அக்டோபர் முதல் ஏழு நாள் சீனாவின் தேசிய தின விடுமுறை. மே மாதத் தொடக்கத்திலும் சீனப் புத்தாண்டிலும் அப்படியே. இந்த நாட்களில் விலை குறைவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், கூட்டமும் தாங்காது. அக்டோபர் பிற்பாதியும் நவம்பர் முற்பாதியும் நல்ல காலம், நம் தீபாவளி விடுப்பும் பெரும்பாலும் அங்கேதான் விழும். டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் கடுங்குளிருக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும். பனி உறைந்தால் தியான்மென் மலையின் 99 வளைவுச் சாலையில் பேருந்து ஓடாது. பராமரிப்புக்காகக் கேபிள் காரும் சில நாள் நிற்கும். அப்போது மாற்றாக என்ன தருவார்கள், பணம் திரும்புமா என்பதையும் முன்பே கேட்கலாம்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தியான்மென் மலையில் கவனம் வேண்டும். 7,455 மீட்டர் நீளக் கேபிள் கார் நகரத்திலிருந்தே புறப்பட்டு ஏறத்தாழ அரை மணி நேரத்தில் உச்சியில் விடும். உச்சியிலிருந்து மலைக்குள் குடைந்த நகரும் படிக்கட்டுகள் வழியாக 131 மீட்டர் உயர வாசலுக்கு இறங்கலாம். அதற்குக் கீழே 999 கற்படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. அந்தப் பகுதியிலும் நகரும் படிக்கட்டு உண்டு. அதற்குத் தனிக் கட்டணமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காவிலும் நாள் முழுக்கக் கற்படிகளில் ஏறி இறங்கும் நடைதான். மழையில் அந்தக் கற்கள் வழுக்கும். பழகிய, அடிப்பிடிப்பு உள்ள காலணி வேண்டும். புதுச் சப்பாத்து வேண்டாம். குடையைவிட மழையங்கி நல்லது, இரண்டு கையும் கம்பியைப் பிடிக்கக் கிடைக்கும். ஓடைக்கரைக் குரங்குகள் கையில் இருப்பதைப் பறிக்கும். பிளாஸ்டிக் பை எதையும் வெளியே தெரிய வைக்கக் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கடிதம் முழுமையாகாது. ஹுனான் சமையலில் மிளகாய் நிறைய. நம் நாக்குக்கு அது ஒத்துப்போகும். ஆனால் கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள், கோழிச்சாறு தூள் போடுவார்கள். "சைவம்" என்றால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவது அங்கே சாதாரணம். பத்துப் பேர் மேசையில் சைவர்கள் இரண்டு இரண்டாகச் சிதறி உட்கார்ந்தால் அவர்களுக்குக் கிடைப்பது சோறும் முட்டைக்கோசும்தான். குழுவிலுள்ள சைவர்களை ஒரே மேசையில் சேர்க்கச் சொல்லி முன்பணம் கட்டும்போதே எழுதிக்கொடுக்க வேண்டும். மாட்டிறைச்சி கூடாது, பன்றிக் கொழுப்பு கூடாது, தாவர எண்ணெய் மட்டும் என்று சீன எழுத்தில் ஒரு அட்டை தயாரித்துக் கையில் வைத்திருப்பது நல்லது. ஹோட்டல் அறையில் சுடுநீர்க் கேத்தல் இருக்கும், ரயில் நிலையத்திலும் சுடுநீர்க் குழாய் உண்டு. கப் மீ, ஊறுகாய் கொஞ்சம் எடுத்துப் போனால் இரண்டு வேளையைச் சமாளிக்கலாம். பழங்களும் இறைச்சிப் பொருளும் எடுத்துப் போக அனுமதி இல்லை.

விசா பற்றிக் கவலை இல்லை. 2025 ஜூலை 17 முதல் நடப்பில் உள்ள ஒப்பந்தப்படி மலேசியர்கள் 30 நாள் வரை விசா இன்றித் தங்கலாம். கடப்பிதழ் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். பெயர் விஷயம்தான் நமக்கென்றே உள்ள சிக்கல். பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே வரும் ஏ/எல், ஏ/பி (மகன், மகள் என்பதன் மலாய்ச் சுருக்கம்) என்பதை ஒருவர் ஒட்டி எழுதுவார், ஒருவர் விட்டுவிடுவார். சீனாவில் ரயில் சீட்டும் பூங்காச் சீட்டும் கடப்பிதழ் எண்ணோடு கட்டப்பட்டவை. வாசலில் அசல் கடப்பிதழைக் காட்ட வேண்டும். பெயரை வாயால் சொல்லாமல் கடப்பிதழின் படத்தை அனுப்பி, சீட்டு வந்ததும் எண்ணையும் எழுத்தையும் சரிபாருங்கள். உள்நாட்டு விமானம் உண்டென்றால், சீனாவின் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28 முதல் ஏற்றவிடுவதில்லை. ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் வராது; மலேசிய எண்ணின் ரோமிங்கில் வரும். டச் என் கோ இ-வாலட் பல கடைகளில் செல்லும், ஆனாலும் சில்லறை யுவான் கொஞ்சம் இருக்கட்டும்.

ஏஜென்சிக்கு மோட்டேக் (MOTAC) எனப்படும் நம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையத்தளத்தில் பெயரைத் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். உரிமம் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பொருந்துமா என்றும் பாருங்கள். பணத்தை நிறுவனத்தின் கணக்கில் மட்டும் கட்டுங்கள். தனி நபர் கணக்கைக் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வாக்குக் கொடுத்தபடி நடக்காவிட்டால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே பேசுவது எழுத்தில் வாங்கிய அந்தப் பதில்கள்தான்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுற்றுலா விளம்பரங்களை ஏற்கும்போது உரிம எண், அடங்கிய நுழைவுச் சீட்டுகள், கடை நிறுத்தங்களின் எண்ணிக்கை, கட்டாய டிப்ஸ் ஆகிய நான்கையும் விலை அச்சாகும் அதே அளவு எழுத்தில் தரும்படி விளம்பரதாரர்களிடம் கேளுங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லாத நிறுவனங்கள் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கிள்ளான்